முளை அடிக்கும் முன் சிக்னலைப் பாருங்கள்

இங்கிலாந்தில் கிராண்ட் யூனியன் கால்வாயில், 57 அடி நேரோபோட்டில், அதாவது கால்வாய்க்கென்றே கட்டிய ஒடுக்கமான நீளப் படகில், குடியிருந்துகொண்டு மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். தினமும் காலை ஒன்பதரைக்கு வீடியோ மீட்டிங். படகை நிரந்தரமாகக் கட்டிவைக்க எனக்கென்று சொந்த இடம் கிடையாது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி என்னைப் போன்றவர்கள் ஓரிடத்தில் 14 நாள்தான் தொடர்ந்து நிற்கலாம். ஆகவே பிராட்பேண்ட் இணைப்புக்கு வழியே இல்லை, மொபைல் சிக்னல்தான் கதி. படகில் குடியேற ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் எந்த ரௌட்டர் என்றுதான் தொடங்குகிறார்கள். படகை எங்கே கட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

டிரிங் பக்கம் கால்வாயை ஆழமாக வெட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த மேடு, தலைக்கு மேல் மரங்கள். ஒரு ஞாயிறு இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்து, அழகாக இருக்கிறதே என்று அங்கேயே கட்டிவிட்டேன். மறுநாள் மீட்டிங்கில் நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறி ஓடினேன். அன்றிலிருந்து படகைக் கட்டக் கரையில் முளை அடிப்பதற்கு முன் போனோடு கரையில் இருநூறு அடியாவது நடந்து பார்க்கிறேன்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். சிக்னல் ஆப் ஒன்றில், சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 90க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 110ஐத் தாண்டினால் அங்கே நிற்க வேண்டாம். கரையில் பார்த்த எண் படகுக்குள் வந்ததும் சரிந்துவிடும், ஏனென்றால் கேபினும் கூரையும் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் எஃகுத் தகடு. ஜன்னலோரத்தில் வைத்த ரௌட்டர் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

அதனால் ஆன்டெனா கூரைக்கு மேலே வர வேண்டும். 4ஜிக்கு இரண்டு கேபிள் உள்ள வகையாக வாங்குங்கள். கேபிள் நீள நீள சிக்னல் தேயும், எனவே ரௌட்டரை ஆன்டெனாவுக்கு நேர் கீழே மாட்டி கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் உள்ளே நுழையும் ஓட்டைக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட மறக்காதீர்கள். மழைத்தண்ணீர் கேபிளோடு வழிந்து வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நான் விடாததால் ஒரு குளிர்காலம் முழுக்க என் ரௌட்டர் அலமாரி ஈரமாகக் கிடந்தது. கம்பத்தில் ஏற்றினால் மடக்குகிற கம்பமாக இருக்கட்டும், பாலங்கள் தாழ்வு.

சிம் இரண்டு வேண்டும், வேறு வேறு நெட்வொர்க்கில். பெயர் வேறாக இருந்தால் மட்டும் போதாது. நம்மவர்கள் தொடங்கிய லெபாரா சிம் வோடஃபோன் கோபுரங்களில்தான் ஓடுகிறது, கிஃப்காஃப் சிம் ஓ2 கோபுரங்களில். லெபாராவும் வோடஃபோனும் சேர்த்து வைத்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தே படுத்துவிடும். மாத ஒப்பந்தமாகவே எடுங்கள்.

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் சின்னத் தட்டான ஸ்டார்லிங்க் மினி நல்ல பொருள், திறந்த வயல்வெளியில். மரத்தடியில் சில நொடிகளுக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வரும், வீடியோ பேச்சுக்கு அது ஆகாது. மின்சாரக் கணக்கும் உண்டு: ரௌட்டர் 8 வாட் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியில் 6 ஆம்பியர்-மணிதான் போகும். மினி 30 வாட் இழுத்தால் அதே நேரத்துக்கு 22க்கு மேல். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலிசெய்யக் கூடாது என்பதால் டிசம்பரில், சோலார் ஏறாத நாட்களில், இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். ரௌட்டரை இன்வெர்ட்டரில் ஓட்டாமல் 12 வோல்ட்டிலேயே நேராக ஓட்டுங்கள். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் வோல்ட் 14.4 வரை போகும், ரௌட்டர் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

நான் இடம் மாறுவது சனிக்கிழமை காலையில்தான். அன்று மாலை, எல்லாரும் வீடு திரும்பி நெட்வொர்க்கில் நெரிசல் ஏறும் ஏழு மணிக்கு, நண்பரோடு அரை மணி நேரம் வீடியோவில் பேசிப் பார்ப்பேன். சரிப்படாவிட்டால் கயிற்றை அவிழ்த்து அடுத்த இடம் தேட ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இருக்கிறது.