கறுப்பு-வெள்ளை ஃபிலிம்: பெட்டியைப் படிக்காமல் வாங்குகிறவர்களுக்கு

லென்ஸ் மூடியைக் கழற்றாமல் படம் எடுப்பது, ரோல் சரியாக மாட்டாமல் 36 முறை அமுக்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் அவை தாமாகத் திருந்திவிடும். ஃபிலிம் வாங்கும்போதும் கழுவக் கொடுக்கும்போதும் நடக்கும் தவறுகள் அப்படியல்ல. ரோல் ஏன் வீணானது என்றே தெரியாமல் அடுத்ததையும் வீணாக்குவார்கள். எனக்குப் பழக்கமான குழிகளிலேயே புதியவர்களும் வரிசையாக வந்து விழுகிறார்கள்.

எச்பி5 ரோலைக் கலர் லேபில் கொடுப்பது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். ஓர் இளைஞர் தம் ஊர்த் தேர்த் திருவிழாவை இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ரோலில் எடுத்தார். லண்டனிலிருந்து வந்த உறவினர் வாங்கிவந்த ரோல் அது. அதை அருகிலிருந்த கலர் லேபில் கொடுத்தார். அங்கே ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, இயந்திரத்தில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தது ஒன்றுமே இல்லாத வெற்றுப் பட்டை. ஷட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, கேமராவைப் பழுதுபார்க்கப் பணமும் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

நெகட்டிவின் ஓரத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. தொழிற்சாலையில் அச்சாகும் ஃபிலிம் பெயரும் பட எண்களும்கூட அதில் இல்லை. கேமராவில் கோளாறு என்றால் படங்கள் இல்லாவிட்டாலும் ஓர எழுத்துகள் இருக்கும். எழுத்துகளும் போய்விட்டன என்றால் தவறு கழுவிய இடத்தில் நடந்திருக்கிறது.

காரணம் எளிது. எச்பி5, டிரை-எக்ஸ், ஃபோமாபான் போன்ற ஃபிலிம்களில் படம் என்பது வெள்ளித் துகள்கள்தான். கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் வெள்ளிக்குப் பாதி வழி வரைதான் வேலை. டெவலப்பரில் வெள்ளி உருவாகும்போதே அதனருகில் சாயமும் உருவாகும். பிறகு பிளீச் அந்த வெள்ளியை மறுபடி உப்பாக்கும், ஃபிக்சர் அதைக் கரைத்து வெளியேற்றும், சாயம் மட்டும் தங்கும். எச்பி5-இல் சாயம் உண்டாக்கும் பொருளே கிடையாது. வெள்ளி கரைந்துபோனால் படத்தை எந்த வித்தைக்காரராலும் மீட்க முடியாது.

இதில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், கலர் இயந்திரத்திலேயே கழுவும்படி செய்யப்பட்ட கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் ஒன்று உண்டு: இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர். கோடாக்கின் பிடபிள்யூ400சிஎன் என்ற ஃபிலிமும் இதே வகைதான். அதை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் “தெருமுனைக் கடையில் கொடுத்தேன், அருமையாக வந்தது” என்று எழுதியிருந்தால் அவர் போட்டது எக்ஸ்பி2-ஆக இருக்கும். அதைப் படித்துவிட்டு இங்கே எச்பி5-ஐக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எக்ஸ்பி2 டப்பாவின் மேலேயே சி-41 என்று அச்சிட்டிருக்கும். அது இல்லாத கறுப்பு-வெள்ளை ரோலைக் கொடுக்கும்போது, கறுப்பு-வெள்ளை ரசாயனத்தில் தனியாகக் கழுவுகிறீர்களா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் ரோலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டெவலப்பிங் டேங்க், டி-76 டெவலப்பர், ஃபிக்சர் இருந்தால் வீட்டுக் குளியலறையே போதும்.

பெயரை நம்பி நேரம் வைப்பது

ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் அக்ஃபா நிறுவனம் தயாரித்த பழைய ஏபிஎக்ஸ் 100 ஃபிலிம் வேறு. 2005-இல் அந்த நிறுவனம் திவாலான பிறகு அதே பெயரில் வந்த ஃபிலிம் வேறு. பழைய அட்டவணையிலுள்ள டெவலப்பிங் நேரத்தைப் புதியதற்கு வைத்தால் நெகட்டிவ் சரியாக வராது. டிரை-எக்ஸிலும் 400, 320 என்று இரண்டு உண்டு. எண் மட்டுமல்ல, இரண்டும் தனித்தனி ஃபிலிம்கள். ஃபியூஜி 2018-இல் ஏக்ரோஸை நிறுத்தி, 2019-இல் ஏக்ரோஸ் 2 கொண்டுவந்தது. அதன் பெட்டியில் பிரிட்டனில் தயாரிக்கப்பட்டது என்று இருக்கும். ஜப்பான் ஃபிலிம் என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது, நல்ல ஃபிலிம் அது.

இதற்கு நேர்மாறும் நடக்கும். அமெரிக்காவில் அரிஸ்டா ஈடியூ அல்ட்ரா என்று விற்பது செக் நாட்டு ஃபோமாபான்தான். உறவினர் மூலம் அதை வரவழைத்து, ஃபோமாபானோடு ஒப்பிட்டு நுணுக்கமான வேறுபாடுகள் கண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஃபோமாபான் 400-ஐ 400-இல் எடுப்பது

கேமராவின் ஐஎஸ்ஓ-வை 200 அல்லது 250-இல் வையுங்கள்.

கிடைக்காத ஃபிலிமில் பழகுவது

ஒரு ஃபிலிம் கைக்குப் பிடிபட அதையே திரும்பத் திரும்பப் போட வேண்டும். பயணத்தில் வாங்கிய ஐந்து நாட்டு ரோல்களை ஒவ்வொன்றாகப் போட்டால் எதைப் பற்றியும் எதுவும் தெரியாது. உங்கள் ஊரில் மாதா மாதம் வாங்க முடிவது கென்ட்மியர் 400 என்றால் அதுவே உங்கள் ஃபிலிம்.

வெயிலில் ரோல் மாற்றுவது

ரோலெய் (Rollei) ரெட்ரோ 80எஸ் போன்ற ஃபிலிம்கள் தெளிவான பாலியெஸ்டர் பட்டையில் வருகின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வழியாக வெளிச்சம் உள்ளே ஊடுருவி முதல் படங்களைக் கெடுக்கும். நம் ஊர் உச்சி வெயிலில் சொல்லவே வேண்டாம். நிழலுக்குப் போங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரிப்பது

வேண்டாம். குளிர்ந்த ஃபிலிம் வியர்க்கும்.

காலாவதியான ரோலை நம்புவது

ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்தது. அந்த ரோல் கிடைத்தால் நானும் ஆசையாக வாங்குவேன். ஆனால் எங்கெங்கோ வெக்கையில் கிடந்த அதைக் கொண்டு தங்கையின் திருமணத்தை எடுக்கப் போகாதீர்கள்.

விமான நிலையத்தில் பேசாமல் நிற்பது

ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்குள்ள ஸ்கேனர்கள் கடுமையானவை. கைப்பைகளுக்கும் சிடி ஸ்கேனர்கள் வந்துவிட்டன. ஒரே முறை போனாலும் ஃபிலிமில் புகைமூட்டம் ஏறலாம். ரோல்களைத் தெளிவான பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். அமெரிக்காவில் கேட்டால் செய்வார்கள். மற்ற இடங்களில் அன்றைய அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. பெர்லினுக்கோ டோக்கியோவுக்கோ போகிறவர்களுக்கு இந்த வாக்குவாதமே தேவையில்லை. பெர்லினில் ஃபோட்டோஇம்பெக்ஸ், டோக்கியோவில் யோடோபாஷி போன்ற கடைகளில் அங்கேயே ரோல் வாங்கி, ஊர் திரும்புவதற்குள் அந்த நகரத்திலேயே கழுவி வாங்கிவிடலாம்.