முன்கையின் பின்புறத் தசைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், குந்தா பகுதிகளில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கும், கத்தரி பிடித்து இலை வெட்டுபவர்களுக்கும், கவாத்து வேலைக்குச் செல்பவர்களுக்கும் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வருவது புதிதல்ல. சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர் முதலில் சொல்வது "மூட்டு தேஞ்சு போச்சு" என்பதுதான். பெரும்பாலும் அவர்களுடைய மூட்டு நன்றாகவே இருக்கும். நோவது, முன்கையின் பின்புறத்தில் ஓடும் தசை ஒன்று மேற்கை எலும்பின் வெளிப்புறப் புடைப்பில் பற்றியிருக்கும் இடம். இந்தத் தசைகளைப் பற்றிய பிழையான எண்ணங்கள் நோயாளிகளிடம் மட்டுமல்லாமல் உடற்கூறியல் படிக்கும் மாணவர்களிடமும் உள்ளன.

அவற்றுள் முதன்மையானது, பின்புறத் தசைகள் விரலை நீட்டும்போதும் மணிக்கட்டை உயர்த்தும்போதும் மட்டுமே உழைக்கின்றன, ஒரு பொருளைப் பற்றும்போது சும்மா இருக்கின்றன என்ற எண்ணம். விரலை மடக்கும் தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்தே விரலுக்குச் செல்கின்றன. ஆகவே அவை சுருங்கும்போது விரலோடு மணிக்கட்டையும் சேர்த்து மடக்கவே முயலும். மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் முழுவதும் மடங்கிய நிலையில் விரல்களை மூடி இறுக்கிப் பாருங்கள், பிடியில் வலு இருக்காது. அந்த மடங்கலைத் தடுத்து மணிக்கட்டைச் சற்று நிமிர்த்தி வைத்திருப்பவை பின்புறத் தசைகளே. இலை சேரச் சேரக் கனம் கூடும் கத்தரியை நாள் முழுவதும் பிடித்திருப்பவர், "நான் கையைத் தூக்கவே இல்லையே, பிடிக்கத்தானே செய்கிறேன்" என்று கேட்டால், அந்தப் பிடிதான் காரணம் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

இந்த வலியில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது எக்ஸ்டென்சார் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற தசை. அது முழங்கையின் வெளிப்புடைப்பில் தொடங்கி, நடுவிரலுக்கு நேரே உள்ள உள்ளங்கை எலும்பின் அடியில் முடிகிறது. 1873இல் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த இந்த நோய்க்குப் பின்னாளில் டென்னிஸ் எல்போ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே இருக்க மாட்டார்கள். நாள்பட்ட நிலையில் அங்கே அழற்சியைவிட, தசைநாணின் இழைகள் சிதைந்து ஒழுங்கற்று ஆறியிருப்பதுதான் மிகுதி. அதனால்தான் வலிக்கும் எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பதும், நீவி 'சுளுக்கு எடுப்பதும்' பலன் தருவதில்லை. நீலகிரித் தைலம் தடவுவதில் எனக்கு மறுப்பில்லை, தோலில் ஏறும் அந்த உணர்வு சற்று நேரம் வலியை மறக்கச் செய்யும். ஆனால் அது தசைநாணைச் சரிசெய்துவிடும் என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

மருந்துக் கடையில் வாங்கும் முழங்கைப் பட்டையைப் பலர் எலும்புப் புடைப்பின் மேலேயே இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அது புடைப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, தசையின் திரண்ட பகுதியில் அமைய வேண்டும். அங்கே அழுத்தினால்தான் மேலே நாணின்மீது விழும் இழுவிசை குறையும். கையைத் தூளியில் தொங்கவிட்டு அசைக்காமல் வைப்பதும் தவறு, வலுவிழந்த தசை வேலைக்குத் திரும்பியதும் முன்பைவிட விரைவில் நோகும். ஸ்டீராய்டு ஊசி போட்டவுடன் கிடைக்கும் நிம்மதியை நம்பி மீண்டும் மீண்டும் கேட்பவர்களும் உண்டு. முதல் சில வாரங்கள் அது நன்றாகவே தோன்றும்; பல மாதங்கள் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேம்பட்ட நிலையில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கனமான பொருளை உள்ளங்கை கீழ்நோக்கத் தூக்குவதைத் தவிர்த்து, சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்கும் பயிற்சியைப் பொறுமையாகத் தொடர்வதே பெரும்பாலோருக்குப் போதுமானது. ஓராண்டுக்குள் பலருக்கு வலி தணிந்துவிடும். விரல்களில் மரமரப்பும் கழுத்தைத் திருப்பும்போது வலியும் சேர்ந்திருந்தால் மட்டும், முழங்கையோடு நிற்காமல் கழுத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

மாணவர்கள் செய்யும் தவறுகள் வேறு வகை. பின்புறத் தசைகள் 12, மேலடுக்கில் 7, ஆழடுக்கில் 5 என்று மனப்பாடம் செய்துவிட்டு, அனைத்தும் நீட்டுத் தசைகள் என்று எழுதிவிடுவார்கள். பிரேக்கியோரேடியாலிஸ் முழங்கையை மடக்கும் தசை. நரம்பு வழியால்தான் இந்தக் கூட்டத்தில் சேர்கிறது. சூபினேட்டர் கையைப் புரட்டுவது.

இதைவிடப் பெரிய தவறு, இந்தப் பின்புறத் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பைப் பரிசோதிப்பதில் நேர்கிறது. மேற்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்கிப்போனவரிடம் "விரலை நீட்டுங்கள்" என்றால், அவர் விரலின் நடு, நுனிக் கணுக்களை நீட்டிக் காட்டிவிடுவார். அதைச் செய்வன உள்ளங்கையின் சிறு தசைகள், அவற்றுக்கு வரும் நரம்புகள் வேறு. ஆகவே விரல் உள்ளங்கையோடு சேரும் கணுவில் நீட்டல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதே நோயாளியின் பிடி தளர்ந்திருப்பதைக் கண்டு மடக்கும் தசைகளும் செயலிழந்தன என்று முடிவுசெய்வதும் அவசரம்: தொங்கும் மணிக்கட்டை நீங்கள் நிமிர்த்திப் பிடித்தால் பிடி மீண்டு வருவதைக் காணலாம். முழங்கைக்குக் கீழே இந்த நரம்பின் ஆழ்கிளை மட்டும் அடிபட்டால் மணிக்கட்டு முழுவதும் தொங்காது, தோலில் மரமரப்பும் இருக்காது. மணிக்கட்டை உயர்த்தும் மற்றொரு தசையான எக்ஸ்டென்சார் கார்ப்பி ரேடியாலிஸ் லாங்கஸுக்கு நரம்பு அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால், மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்தபடி உயரும். இதனால் பாதிப்பு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

கட்டைவிரல் பக்கம் தனிக் கவனம் வேண்டும். மணிக்கட்டின் பின்புறத்தில் நாண்கள் ஆறு அறைகளாகச் செல்கின்றன. முதல் அறையில் இரண்டு கட்டைவிரல் நாண்கள் நெருங்கிச் செல்லும் இடத்தில் வரும் வலியை 1895இல் ஸ்விட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி கெர்வான் விவரித்தார். மூடிய விரல்களுக்குள் கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டைச் சாய்க்கும் சோதனையைச் சிலர் முரட்டுத்தனமாகச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் நலமான கையும் நோகும். மறு கையிலும் செய்து ஒப்பிட வேண்டும்.

மழைக்காலத்தில் வழுக்கும் சரிவுகளில் கை ஊன்றி விழுபவர்களிடம் நடக்கும் தவறு இன்னும் கவலைக்குரியது. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் நாண்களுக்கு இடையே தோன்றும் குழியில் அழுத்தி வலித்தால், அடியிலுள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறு மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமலே போகலாம், அதனால் சுளுக்கு என்று கட்டி அனுப்பிவிடுவார்கள். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து நுழைந்து முழங்கை நோக்கித் திரும்புவதால், இடையில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகும் ஆபத்துண்டு. குழியில் வலி இருந்தால், கையைக் கட்டில் வைத்துப் பத்து முதல் பதினான்கு நாட்களில் மீண்டும் படம் எடுக்க வேண்டும். மணிக்கட்டருகே ரேடியஸ் எனும் முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு விலகாமல் முறிந்து நன்றாகக் கூடியவர்களிடமும், சில வாரங்கள் கழித்து உள்ளங்கையை மேசையில் வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால், கட்டைவிரலை நீட்டும் நீள நாண் எலும்பில் உராய்ந்து அறுந்திருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.