அலாஸ்கா சட்டமன்றத் தேர்தலில் தரவரிசை வாக்கைப் போடுவது எப்படி

அலாஸ்காவில் 2022 முதல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தரவரிசை முறைதான், அதாவது நவம்பர் தேர்தலில் வேட்பாளர்களை உங்கள் விருப்ப வரிசைப்படி குறிப்பது. முதற்கட்டத் தேர்தலில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள், கட்சி பேதமில்லாமல் முதல் நான்கு பேர் நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள்.

நவம்பரில், உங்களுக்கு மிகப் பிடித்தவருக்கு முதல் விருப்பக் கட்டத்தை நிரப்புங்கள், அப்புறம் அடுத்தவருக்கு இரண்டாவது, இப்படியே. இரண்டாவதாக ஒருவரைக் குறிப்பதால் முதலாமவருக்கு எந்தப் பாதகமும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிச் சுற்றுச் சுற்றாக எண்ணுவார்கள், உங்கள் முதல் விருப்பம் அப்படிப் போட்டியிலிருந்து நீங்கினால்தான் அடுத்த விருப்பத்தையே பார்ப்பார்கள். இதை நம்பிப் பயப்படாமல் வரிசைப்படுத்துங்கள்!

ஒருவரையே எல்லா இடத்திலும் குறிப்பது வீண். ஒரே விருப்ப எண்ணை இருவருக்குக் கொடுக்கவே கூடாது, அந்த இடத்தோடு உங்கள் வாக்கு நின்றுவிடும். ஒருவரை மட்டும் குறித்தாலும் செல்லும், சரி, ஆனால் அவர் தோற்று நீங்கினால் கடைசிச் சுற்றில் உங்கள் குரல் இருக்காது.