சிற்றலை ரேடியோ எடுக்கவில்லை என்று முடிவு கட்டும் முன்

புதிதாகச் சிற்றலை (ஷார்ட் வேவ்) கேட்க ஆரம்பிக்கிறவர் ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்வது அநேகமாக இதுதான். பகல் பதினோரு மணிக்கு டிவிக்குப் பக்கத்து மேஜையில் வைப்பார், சார்ஜரைச் செருகுவார், ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு 6 மெகாஹெர்ட்ஸில் ஸ்டேஷன் தேடுவார். வருவது வெறும் இரைச்சல். இரண்டு நாளில் ரேடியோ அலமாரிக்குள் போய்விடும், இல்லையென்றால் அதைவிட விலை கூடிய இன்னொன்று வீட்டுக்கு வரும். நான் பார்த்த வரையில் ரேடியோவில் குறை இருப்பது அபூர்வம். நேரம், பேண்ட் (தேடும் அதிர்வெண் பகுதி), வைத்த இடம் ஆகிய மூன்றும்தான் தப்பாக இருக்கும். அதிலும் இடம்தான் பெரிய தப்பு. சிற்றலையில் நம் வேலை சிக்னலைப் பெரிதாக்குவதை விட இரைச்சலைச் சின்னதாக்குவதுதான்.

முதலில் நேரம். சிற்றலை வெகுதூரம் போவதற்குக் காரணம் தலைக்கு மேலே 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம். அலைகள் அங்கே வளைந்து பூமிக்குத் திரும்புகின்றன. ஆனால் பகலில் அதற்குக் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டருக்குள், டி அடுக்கு என்று ஒன்று உருவாகிறது. அது குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது கலைந்துபோகும். அதனால் 49 மீட்டர், 41 மீட்டர் பேண்டுகளை (6, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) இரவில் தேட வேண்டும், 19, 16, 13 மீட்டர்களை (15, 17, 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பகலில் தேட வேண்டும். 31, 25 மீட்டர் பேண்டுகள் நடுவில் இருப்பவை. அந்தி சாயும் நேரத்திலும் விடியலை ஒட்டியும் அவை கைவிடுவது குறைவு. ‘ராத்திரி 21 மெகாஹெர்ட்ஸ் செத்துக் கிடக்கிறது’ என்று ஒருவர் வருத்தப்பட்டால், அது கிடக்க வேண்டிய விதத்தில்தான் கிடக்கிறது.

திடீரென்று பகலில் எல்லாப் பேண்டும் ஒரேயடியாக அமைதியாகிவிடுவதும் உண்டு. சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால் அதன் எக்ஸ் கதிர்கள் டி அடுக்கைத் தடிமனாக்கிவிடும். பூமியின் பகல் பக்கம் முழுவதும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் சிற்றலை மங்கிப்போகும். அந்த நேரம் பார்த்து ரேடியோவைப் பிரிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி., சீனாவின் பி.பி.எம். போன்ற நேரச் சமிக்ஞை நிலையங்கள் அங்கே நொடிக்கு ஒரு ‘டிக்’ அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் மெல்லிய ‘டிக்’ கேட்டாலே போதும், ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, இரைச்சலுக்கு வருவோம். எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், சோலார் இன்வெர்ட்டர் என்று வீட்டில் பாதிப் பொருட்கள் சின்னச் சின்ன ஒலிபரப்பு நிலையங்களாகவே இருக்கின்றன. ரேடியோவின் சார்ஜரே முதல் குற்றவாளியாக இருக்கலாம். அதனால் கேட்கும்போது பேட்டரியில் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குப் பேண்ட் பாதி தெளிந்துவிடும்.

என் வீட்டில் 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விடாமல் ஓர் உறுமல் இருந்தது. டயலை மெதுவாக நகர்த்தினால் ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை அதே உறுமல் எழுந்து அடங்கும். ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது ஸ்டேஷன் இல்லை, ஏதோ ஒரு அடாப்டர். ரேடியோவைப் பேட்டரியில் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். உறுமல் சட்டென்று அடங்கிவிட்டது, ஆக வெளியிலிருந்து வரவில்லை. பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுப் பார்த்ததில் ஹால் பக்கம் மாட்டிக்கொண்டது. ஏரியலை உள்ளே தள்ளிவிட்டு, ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிளக் பாயிண்டாக நெருங்கினேன். டிவி பெட்டிக்குப் பின்னால் யாரும் கவனிக்காத ஒரு கறுப்பு அடாப்டர் அருகே போனபோது ஸ்பீக்கர் கத்தியது. அதைப் பிடுங்கிய மறுநொடி, அதே 9 மெகாஹெர்ட்ஸில் இத்தனை நாள் புதைந்து கிடந்த ஒரு பேச்சுக்குரல் மேலே வந்தது. புது ரேடியோ வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வாரம் அது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் ஏரியலை நீட்டுவதுதான் அடுத்த தவறு. முப்பது மீட்டர் கம்பியை வீட்டுக்குள்ளேயே சுவரோரமாகச் சுற்றி ஓடவிட்டால் அது வீட்டு வயரிங்கின் இரைச்சலைத்தான் வாரிக்கொண்டு வரும். சிக்னல் மீட்டர் எகிறும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மீட்டரை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். கம்பியை மாட்டியதும் குரலும் இரைச்சலும் ஒரே அளவு ஏறினால் லாபம் எதுவும் இல்லை. குரல் முன்னே வந்து இரைச்சல் பின்வாங்கினால்தான் அந்த ஏரியல் வேலை செய்கிறது. சிற்றலையின் கீழ்ப்பகுதியில் வானத்து இரைச்சலே ரேடியோவின் உள் இரைச்சலை மிஞ்சி நிற்கும். அதனால் கேட்பதற்கு மட்டும் பிரமாண்டமான ஏரியல் தேவையில்லை. அரை அலை நீளத்தை அளந்து வெட்டுவது ஒலிபரப்புகிறவரின் கவலை. நமக்கு ஐந்து முதல் ஏழு மீட்டர் கம்பி போதும், அது சுவரை விட்டு விலகி வெளியே திறந்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே வழியில்லாத அடுக்குமாடிக்காரர்களுக்கு வளைய ஏரியல் நல்லது. அதைத் திருப்பித் திருப்பி, இரைச்சல் வரும் திசையை அடக்கிவிடலாம்.

கையடக்க ரேடியோக்களுக்கு நீளக் கம்பி இன்னொரு தொல்லையும் தரும். அவை சின்ன ஏரியலுக்காகவே செய்யப்பட்டவை. அளவுக்கு மீறிய சிக்னல் உள்ளே போனால் திணறும், ஸ்டேஷன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கலந்து எல்லா இடத்திலும் கேட்கும். பக்கவாட்டில் லோக்கல், டிஎக்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ளிப் பாருங்கள். தூரத்து ஸ்டேஷனுக்கு டிஎக்ஸ்தான் என்று பலர் அதைத் தொடுவதே இல்லை.

வெளியே கம்பி கட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது. மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலேயோ கட்டவே கூடாது, அறுந்து விழுந்தாலும் தொடாத தூரம் வேண்டும். இடி மழைக்கு அறிகுறி தெரிந்தாலே ஏரியலைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். மின்னல் நேரே விழ வேண்டும் என்பதில்லை, தூரத்து மின்னலே ரேடியோவுக்குள் ஏரியல் சிக்னலை முதலில் வாங்கும் பகுதியைப் பொசுக்கிவிடும்.

அப்புறம், பேய் ஸ்டேஷன்கள். மலிவான அனலாக் ரேடியோக்களில் இது அதிகம். அவற்றின் இடைநிலை அதிர்வெண் (எந்த ஸ்டேஷனையும் ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸ் என்பதால், பலமான ஒரு ஸ்டேஷன் தன் இடத்தில் கேட்பதோடு அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் ஒரு முறை கேட்கும். 9,700-இல் இருப்பது 8,790-இலும் தலைகாட்டும். அங்கே ஒரு ரகசிய வானொலியைப் பிடித்துவிட்டோம் என்று குறிப்பெழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிபரப்புப் பேண்டுக்கு வெளியே எது கேட்டாலும் முதலில் 910-ஐக் கூட்டி அங்கே போய்ப் பாருங்கள்.

வாத்து கத்துவது போன்ற பேச்சு கேட்டால் அது கெட்டுப்போன ஒலிபரப்பு இல்லை, எஸ்.எஸ்.பி. முறையில், அதாவது அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிப் பேசுகிறார்கள். அந்த வசதி உள்ள ரேடியோ வேண்டும். ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) வழக்கமாக 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்.எஸ்.பி.யிலும் (கீழ்ப்பக்கம்) மேலே யூ.எஸ்.பி.யிலும் (மேல்பக்கம்) பேசுவார்கள். விமானங்களும் கப்பல்களும் எங்கே இருந்தாலும் யூ.எஸ்.பி.தான்.

தானியங்கித் தேடலை மட்டும் நம்பி உட்காருவதும் வேண்டாம். அது பலமானவற்றில் மட்டும் நிற்கும், மெலிந்தவற்றைத் தாண்டிப் போய்விடும். கையால் 5 கிலோஹெர்ட்ஸ் படிகளில் நகருங்கள். மங்கலாக ஏதாவது கேட்டால் அதிலேயே பத்து நிமிடம் இருங்கள். சிற்றலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மணி முழுசாகும் நேரத்தில் பெரும்பாலும் நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள்.

பட்டியல் விஷயத்திலும் ஏமாறுகிறோம். நிரல்கள் எல்லாம் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். மணியை மாற்றிக் கணக்கிடுகிறவர்கள்கூடக் கிழமையை மறந்துவிடுவார்கள். ஞாயிறு 00:30 யூ.டி.சி. என்றால் அமெரிக்கக் கண்டத்தில் அது இன்னும் சனிக்கிழமை மாலை. தவிர, மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் அலைவரிசைகள் மாறும். ஆறு மாதம் பழைய பட்டியலே பாதி பொய். ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையை 2017 ஜனவரி 31-ஆம் தேதியே நிறுத்திவிட்டது, பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து இன்றும் அதைத் தேடுகிறவர்கள் உண்டு.

கேட்டதைக் குறித்து நிலையத்துக்கு எழுதி, ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து அவர்கள் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டையை வாங்குவது இந்தப் பொழுதுபோக்கின் தனிச் சுகம். ‘நிகழ்ச்சி அருமை, அட்டை அனுப்புங்கள்’ என்று எழுதினால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. தேதி, யூ.டி.சி. நேரம், அலைவரிசை, பதினைந்து இருபது நிமிடம் என்னென்ன கேட்டது, என்ன ரேடியோ, என்ன ஏரியல் என்று எழுதுங்கள். தரத்தைச் சொல்ல ‘சின்போ’ என்ற ஐந்து இலக்கக் குறியீடு இருக்கிறது: சிக்னல் பலம், பிற நிலைய இடையூறு, இரைச்சல், பரவல், மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மரியாதைக்காக 55555 போட வேண்டாம். 34232 என்று உள்ளதைச் சொன்னால்தான் பொறியாளர்களுக்கு உதவும். இணையத்தில் வேறு நாட்டிலிருக்கும் ரிசீவர் வழியாகக் கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். ஒலிபரப்பி எங்கே இருக்கிறது என்பதையும் மொழியை வைத்து ஊகிக்கக் கூடாது. லண்டன் குரலாகக் கேட்கும் பி.பி.சி. அலை அட்லாண்டிக் நடுவில் அசென்ஷன் தீவிலிருந்தோ ஓமானிலிருந்தோ கிளம்பியிருக்கலாம்.