டெண்டுக்கு அடியில் ஷீட் விரிக்க வேண்டுமா?

காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) காட்டுக்காரரிடம் கேட்டு டெண்ட் போடுவதாக இருந்தால் அடியில் ஷீட் கட்டாயம் வேண்டும். மேலே பார்த்தால் கொழுக்கட்டைப்புல்தான் தெரியும். புல்லை விலக்கினால் வெள்வேல மரத்து முள் வெளுத்துப்போய், ஊசி மாதிரி கிடக்கும். டெண்டின் தரைத்துணியைத் துளைத்தால் அடுத்து காற்றுமெத்தைதான்.

ஷீட்டை டெண்டின் அடியைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. குறைத்தே வெட்டுங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஐப்பசி மழையில் மேல்துணியில் வழியும் தண்ணீர் அதில் விழுந்து, நேராக உங்கள் முதுகுக்கு அடியில் போய்த் தேங்கும். அதற்கு ஷீட் இல்லாமலே படுத்துவிடலாம்.

பழைய ஃபிளெக்ஸ் பேனர் காரில் போகிறவர்களுக்குச் சரி. முதுகில் சுமப்பவர்களுக்கு வேண்டாம். இரண்டு பேர் டெண்டுக்கே முக்கால் கிலோ ஆகிவிடும். 100 மைக்ரான் பாலித்தீன் ஷீட் என்றால் கால் கிலோவோடு முடிந்துவிடும்.

முள்ளில்லாத தென்னந்தோப்பு, மணல்தரை என்றால் அதுகூட வேண்டியதில்லை.

அப்புறம், காலையில் சுருட்டும் முன் ஷீட்டைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். அடியில் தேள் ஒதுங்கியிருக்கும்.