வான்கோழிக் குரல் கேட்ட பக்கம் நடக்காதீர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. விடிகிற நேரம், மரங்களுக்கு அப்பால் ஒரு குரல் கேட்கும். கை கால் பரபரக்க, குனிந்தபடி அந்தப் பக்கம் பதுங்கிப் போவார்கள். அங்கே இது சட்டப்படியே கூடாது. பெட்டைபோல் குரல் கொடுத்து, சேவலை வரவழைத்துத்தான் சுட வேண்டும்.

சட்டம் இருக்கட்டும். நீங்கள் கேட்டது பறவையின் குரல்தானா? முகம்வரை மறைத்த பச்சை உடுப்போடு மரத்தடியில் உட்கார்ந்து, சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டைக் குரல் எழுப்பிக்கொண்டிருக்கும் இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். உயிர் போகிற தவறு இதுதான்.

சிலிர்த்து நிற்கும் சேவலின் தலையைக் கிட்டத்தில் பாருங்கள்: உச்சி வெளுத்திருக்கும், முகம் நீலம், தொங்கும் சதை ரத்தச் சிவப்பு. ஆகவே உங்களைச் சேவலென்று யாரும் நினைத்துவிடாமல் இருக்க, இந்த மூன்று நிறமும் உங்கள் மேல் எங்கும் தெரியக் கூடாது. பாக்கெட்டில் எட்டிப் பார்க்கும் சிவப்புக் கைக்குட்டை, உட்காரும்போது பேன்ட் ஏறித் தெரியும் வெள்ளை சாக்ஸ், இதெல்லாம் போதும் ஆபத்துக்கு. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வேறு யாராவது வந்தால் கையை ஆட்டவே வேண்டாம். அசையாமல், சத்தமாகப் பேசுங்கள். சேவலை ஏமாற்றி வரவழைக்க வைக்கும் வான்கோழிப் பொம்மையை, அதாவது டிகாயை (பழைய தமிழில் இதற்குப் ‘பார்வை’ என்று அழகான பெயர் உண்டு) பைக்குள் மூடியே எடுத்துப் போங்கள். நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி நல்லது.

அப்புறம், ஓயாமல் குரல் கொடுப்பது. இயல்பில் சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். சேவல் பதில் கொடுத்துவிட்டால் கொஞ்சம் சும்மா இருங்கள். காணோமே என்று அதுவே தேடி வரட்டும்.

தூரத்திலும் ஆசைப்படக் கூடாது. சாதாரண ஷாட்கன் ரவைக்கு (சிதறிப் பாயும் சின்னக் குண்டுகள்) 40 கஜம் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முன்பே காகிதத்தில் சுட்டு, உங்கள் துப்பாக்கியில் ரவை எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிடுங்கள். சிலிர்த்திருக்கும்போது சேவலின் கழுத்து உள்ளிழுத்திருக்கும், நீட்டும்வரை பொறுங்கள்.

மான் வேட்டையில் கதை வேறு. வான்கோழிக்குக் கண், மானுக்கு மூக்கு. காற்று உங்களிடமிருந்து மான் பக்கம் வீசினால் அன்றைய பொழுது வீண். மலைச்சரிவில் வெயில் ஏறினால் காற்று மேலே போகும், சாயங்காலம் கீழே இறங்கும். மரத்தில் பரண் கட்டி உட்காருகிறவர்கள், தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து இறங்கும்வரை பாதுகாப்புப் பட்டையைக் கழற்றவே கூடாது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். குண்டை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி இழுங்கள்.

மானைச் சுட்டதும் பின்னால் ஓடாதீர்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரத்தத்தில் பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குண்டு குடலில் பட்டிருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். தொந்தரவு இல்லையென்றால் அது பக்கத்திலேயே படுத்துவிடும். விரட்டினால் வெகுதூரம் ஓடி, யார் கண்ணிலும் படாமல் எங்கோ புதரில் வலியோடு சாகும்.