வெளிநாட்டுக்கு புதுசா வந்திருக்கீங்களா? ஈறுல ரத்தம் வந்தா தள்ளிப் போடாதீங்க

வீடு பாக்கறது, பேங்க் அக்கவுண்ட், வேலை, பசங்க ஸ்கூல்னு ஓடிட்டு இருக்கறப்போ பல் தேய்ச்சு துப்பற நுரை லேசா சிவப்பா இருந்தா யாரு கவனிக்கறா. நானும் கவனிக்கல. தண்ணி மாறினதால இருக்கும், குளுரா இருக்கும்னு நினைச்சு, வலிக்கற பக்கத்த மட்டும் விட்டுட்டு மத்த இடத்த தேய்ச்சுட்டு இருந்தேன், நாலஞ்சு மாசம் அப்படியே போச்சு, கடைசில அந்தப் பக்கம்தான் ஈறு வீங்கி தொட்டாலே ரத்தம் வர்ற அளவுக்கு ஆச்சு. அதனாலதான் இத எழுதறேன். ரத்தம் வர்ற இடத்த விட்டுடாதீங்க, அங்கதான் நல்லா சுத்தம் பண்ணணும்.

ஏன்னா பெரும்பாலும் நடக்கறது இதுதான். பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல வழவழன்னு ஒரு படலம் படியும், அது பூரா பாக்டீரியா. அத எதிர்க்க உடம்பு அங்க ரத்த ஓட்டத்த கூட்டுது, ஈறு சிவந்து உப்பிடுது, லேசா பட்டாலே கசியுது. படலத்த எடுக்காம விட்டா சில நாள்லயே எச்சில்ல இருக்கற தாது சேர்ந்து கெட்டியாகி காரை ஆயிடும், அப்புறம் எந்த பிரஷ்ஷாலயும் அத எடுக்க முடியாது, டென்டிஸ்ட்தான் எடுக்கணும். பிரச்சனை ஈறு வீக்கத்தோட நின்னிருந்தா, ஒழுங்கா சுத்தம் பண்ணினா ஈறு முழுசா பழைய நிலைக்கு வந்துடும். அதத் தாண்டி உள்ள இருக்கற எலும்பு கரைய ஆரம்பிச்சா அந்த எலும்பு தானா திரும்ப வராது, மேல போகாம நிறுத்தத்தான் பாக்க முடியும்.

புதுசா வர்றவங்களுக்கு இது கூடறதுக்கு காரணம் இருக்கு. ஷிஃப்ட் மாறி மாறி வர்றதால ராத்திரி தேய்க்காம அப்படியே படுத்துடறோம், ஹீட்டர் போட்ட ரூம்ல வாய் காஞ்சு போகுது, டென்ஷன்ல சிலருக்கு சிகரெட் கூடுது. சிகரெட் பிடிக்கறவங்க ஒண்ணு கவனிங்க, அது ரத்தக் குழாய சுருக்கிடும், அதனால ஈறு கெட்டுப் போயிருந்தாலும் ரத்தம் அவ்வளவா வராது, நல்லாத்தான் இருக்குன்னு தோணும்.

பிரஷ் சாஃப்ட்டா வாங்குங்க. சாய்ச்சு, பாதி பல்லுலயும் பாதி ஈறு ஓரத்துலயும் படற மாதிரி வச்சு, சின்னச் சின்னதா அசைச்சு ரெண்டு நிமிஷம், காலைல ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அழுத்தித் தேய்ச்சா சுத்தமாகும்னு நினைக்காதீங்க, ஈறுதான் பல்ல விட்டு விலகிப் போகும், அப்புறம் வேர் வெளிய தெரிஞ்சு ஜில்லுனு எது பட்டாலும் சுரீர்னு இழுக்கும். அந்தக் கூச்சத்துக்குன்னு சென்சிட்டிவ் பேஸ்ட் இருக்கு, ரெண்டு மூணு நாள்ல கேக்காது, சில வாரம் விடாம போடணும்.

பல் இடுக்குக்கு பிரஷ் போகாது, தினம் ஒரு தடவை ஃப்ளாஸ் (பல் இடுக்குல விட்டு எடுக்கற நூல்), இல்ல இடுக்குக்குன்னு விக்கற குட்டி பிரஷ். ஆரம்பத்துல இன்னும் ரத்தம் வரும், பயந்து நிறுத்திடாதீங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையணும். குறையலன்னா டென்டிஸ்ட்ட காட்டணும். நடுவுல எரிச்சலுக்கு வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிக்கலாம், இதமா இருக்கும், ஆனா அது காரைய எடுக்காது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ டாக்டர் சொல்லாம மாசக்கணக்குல போடாதீங்க, பல்லுல கறை பிடிக்கும். வலிக்குதுன்னு ஆஸ்பிரின் மாத்திரைய ஈறு மேல வைக்கவே கூடாது, சதை வெந்து புண்ணாயிடும்.

பல நாட்டுல மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல பல் வராது, தனியா எடுக்கணும், எடுத்தாலும் சில சிகிச்சைக்கு காத்திருப்பு காலம் வச்சிருப்பாங்க, அது முடியற வரைக்கும் அந்த செலவுக்கு பணம் தர மாட்டாங்க. அதனால வலி வர்றதுக்கு முன்னாடியே உங்க பாலிசில என்ன இருக்குன்னு படிச்சு வச்சுக்கோங்க. செலவு ரொம்ப அதிகமா தெரிஞ்சா டென்டல் காலேஜ் கிளினிக் பக்கத்துல இருக்கான்னு விசாரிங்க, ஸ்டூடன்ட்ஸ் பண்ணாலும் கூட டாக்டர் மேற்பார்வை இருக்கும். க்ளீனிங் பண்ணா பல் ஆடும்னு சொல்றத நம்பாதீங்க, காரை போனதும் அது அடைச்சிருந்த இடம் வெறுமையா தெரியும், அவ்வளவுதான்.

டென்டிஸ்ட்ட போறப்போ, நீங்க சாப்பிடற மாத்திரை பேரெல்லாம் எழுதி எடுத்துட்டு போங்க. பிரஷருக்கு குடுக்கற அம்லோடிபின், வலிப்புக்கு குடுக்கற ஃபெனிடாயின் ரெண்டும் சிலருக்கு ஈறு தடிக்க வைக்கும், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. சுகர் இருந்தா கட்டாயம் சொல்லுங்க, சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர கட்டுப்படுத்தறதும் கஷ்டமாகலாம். கர்ப்பமா இருந்தாலும் ஹார்மோனால ஈறு வீங்கும், அந்த நேரத்துலயும் க்ளீனிங் பண்ணிக்கலாம், எத்தனாவது மாசம்னு மட்டும் சொல்லிடுங்க.

பல் ஆடுது, சீழ் வருது, வாய்ப்புண் மூணு வாரம் ஆகியும் ஆறலன்னா சீக்கிரம் தேதி கேளுங்க. கன்னமோ தாடை அடியோ வீங்கி காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ எச்சில் முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, நடுராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு போயிடுங்க.